பிடிபட்ட விளையாட்டு வீரர் "மனந்திரும்பிவிட்டேன்" என்றால் சபை என்ன செய்ய வேண்டும்?

நீங்கள் கேட்டது இது: புகழ்பெற்ற வீரர் ஒருவர் குற்றத்தில் பிடிபடுகிறார். கொஞ்ச நாளில் "இயேசுவை ஏற்றுக்கொண்டேன், மன்னியுங்கள்" என்கிறார். கிறிஸ்தவர்கள் அவரை மன்னித்து மறுபடி ஆடவிடத்தான் வேண்டுமா? தயங்கினால் கெட்ட குமாரன் உவமையில் வரும் மூத்த மகன்போல ஆகிவிடுவோமா? வாலிபர் கூட்டத்தில் பேசுவதற்காகக் கேட்டிருப்பதால் நடந்த சம்பவங்களை வைத்தே பதில் சொல்கிறேன்.

இந்த ஒரு கேள்விக்குள் மூன்று கேள்விகள் சிக்கிக் கிடக்கின்றன. தேவன் அவரை மன்னிப்பாரா? சபை அவரைத் தன் பக்கத்தில் உட்காரவைக்குமா? அவர் இழந்த பதவியும் சம்பளமும் மேடையும் அவருக்குத் திரும்பக் கிடைக்க வேண்டுமா? முதல் கேள்விக்கு வேதம் தயங்காமல் ஆம் என்கிறது. இரண்டாவதற்கும் ஆம்தான், சில காவல்களோடு. மூன்றாவதற்கு வேதத்தில் எந்த வாக்குத்தத்தமும் கிடையாது. முதல் கேள்விக்கான வசனத்தை எடுத்து மூன்றாவதற்குப் பதிலாக வைப்பதுதான் நம் சபைகளில் அடிக்கடி நடக்கும் தவறு.

கெட்ட குமாரன் உவமையையே எடுத்துக்கொள்ளுங்கள். தன் பங்கை வாங்கிப்போய் அழித்துவிட்டுத் திரும்பி வந்த இளைய மகனைத் தகப்பன் ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறார், வஸ்திரம், மோதிரம், பாதரட்சை, விருந்து எல்லாம் உண்டு. ஆனால் அதே அதிகாரத்தில் மூத்தவனிடம் "எனக்குள்ளதெல்லாம் உன்னுடையதாயிருக்கிறது" என்கிறார் (லூக்கா 15:31). இளையவன் அழித்த பங்கு அழிந்ததுதான். மீதிச் சொத்தை மறுபடி இரண்டாகப் பிரித்து அவனுக்கு ஒரு பங்கு கொடுக்கவில்லை. மூத்தவனின் தவறு விருந்துக்குள் வர மறுத்தது. சொத்தை மறுபடி பிரிக்க வேண்டாம் என்று அவன் சொல்லியிருந்தால் அதில் ஒரு தவறும் இருந்திருக்காது.

இனி ஹான்ஸி குரோனியேவுக்கு வருவோம். தென்னாப்பிரிக்க கிரிக்கெட் கேப்டன், புளூம்பாண்டீன் கிரே கல்லூரியில் படித்தவர், தன் விசுவாசத்தை ஒளிக்காதவர். "இயேசு என்ன செய்வார்?" என்ற கேள்வியின் முதலெழுத்துகள் உள்ள கைப்பட்டையைக் கட்டியிருந்தவர். 2000 ஏப்ரல் 7 அன்று, அவர் சூதாட்டத் தரகர் ஒருவரோடு பேசியதாக டெல்லி போலீஸ் குற்றஞ்சாட்டியது. முதலில் மறுத்தார். ஏப்ரல் 11 விடியற்காலையில் கிரிக்கெட் வாரியத்தின் அலி பாச்சரைத் தொலைபேசியில் அழைத்து, தான் முழு உண்மையையும் சொல்லவில்லை என்றார். அப்போது அவர் ஒப்புக்கொண்டது 10,000 முதல் 15,000 டாலர் வரைதான். அதுவும் தகவல் சொன்னதற்கு வாங்கியது என்றார்.

ஜூன் மாதம் நீதிபதி கிங் தலைமையிலான ஆணையம் கேப்டவுனில் கூடியபோது மீதி வெளியே வந்தது. நாக்பூர் ஒருநாள் போட்டியில் 20 ரன்னுக்குள் ஆட்டமிழந்தால் 15,000 டாலர் தருவதாகக் கேப்டன் சொன்னார் என்று ஹெர்ஷல் கிப்ஸ் சாட்சி சொன்னார். 50 ரன்னுக்கு மேல் விட்டுக்கொடுத்தால் ஹென்றி வில்லியம்ஸுக்கும் அதே தொகை. கிப்ஸ் அன்று 74 ரன் அடித்துவிட்டார், வில்லியம்ஸ் காயம்பட்டுப் பந்துவீச்சைத் தொடர முடியாமல் போனார். திட்டம் நடக்கவே இல்லை. ஆனாலும் இருவருக்கும் அந்த ஆண்டு முடியும்வரை தடை. இருவருமே வெள்ளையர் அல்லாதவர்கள். நிறவெறி ஆட்சி முடிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த நாட்டில், தேசிய அணியில் தங்கள் இடத்துக்கு இன்னும் கேப்டனின் முகத்தைப் பார்க்க வேண்டிய நிலையில் இருந்தவர்கள். குரோனியே வாங்கிய தொகையைவிட எனக்குப் பெரிய பாவமாகத் தெரிவது இதுதான். தன்னை மறுத்துப் பேச முடியாதவர்களை அவர் தேர்ந்தெடுத்தார்.

அதே ஆண்டு ஜனவரியில் சென்சூரியனில் இங்கிலாந்தோடு ஐந்தாவது டெஸ்ட். மழையால் மூன்று நாள் போயிற்று. கடைசி நாளில் இரு அணிகளும் ஆளுக்கொரு இன்னிங்ஸை விட்டுக்கொடுக்க, 249 ரன் இலக்கை இங்கிலாந்து இரண்டு விக்கெட் மிச்சம் வைத்து எட்டியது. துணிச்சலான, பெருந்தன்மையான முடிவு என்று அன்று பாராட்டினார்கள். முடிவு வரும்படி ஆட்டத்தை நடத்தச் சொன்ன சூதாட்டக்காரரிடமிருந்து குரோனியே 53,000 ராண்டும் ஒரு தோல் ஜாக்கெட்டும் வாங்கியிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஆணையத்தின் முன் தந்த வாக்குமூலத்தில், மதியீனமும் பலவீனமும் கொண்ட ஒரு கணத்தில் சாத்தானுக்கும் உலகத்துக்கும் இடங்கொடுத்துவிட்டதாக அவர் சொன்னார். அவர் மனம் உடைந்தது பொய் என்று நான் சொல்லவில்லை, அழுதுகொண்டேதான் அந்த அறையைவிட்டுப் போனார். ஆனால் வாலிபர் கூட்டத்தில் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேசுங்கள். அவர் சொன்னபடியே, கான்பூரில் ஒரு தரகரிடம் 30,000 டாலர் வாங்கியது 1996-இல். பிடிபட்டது 2000-இல். அது ஒரு கணம் இல்லை, மூன்று ஆண்டுகளுக்கு மேல். "பிசாசு ஏமாற்றினான்" என்ற வாக்கியம் இறையியலாகச் சரியாக இருக்கலாம். அதைச் சொன்ன கையோடு தேதி, தொகை, ஆட்களின் பெயர் வராவிட்டால், அந்த வாக்கியம் குற்றத்தை மூடும் துணியாகிவிடும். "தன் பாவங்களை மறைக்கிறவன் வாழ்வடையமாட்டான், அவைகளை அறிக்கைசெய்து விட்டுவிடுகிறவனோ இரக்கம் பெறுவான்" (நீதிமொழிகள் 28:13). தவணை தவணையாக வரும் அறிக்கையை, ஒவ்வொரு தவணையும் யாரோ நெருக்கிய பிறகே வரும் அறிக்கையை, முழு அறிக்கையாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

தென்னாப்பிரிக்கர்களுக்கு இது புதிதும் அல்ல. நிறவெறிக் காலக் குற்றங்களை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 1996 முதல் செய்த வேலையே இதுதான்: அரசியல் காரணத்துக்காகச் செய்த குற்றத்தை முழுவதும் வெளிப்படுத்தினால் பொதுமன்னிப்பு, ஒளித்தால் இல்லை. குரோனியேவுக்கும் முழு உண்மை சொன்னால் வழக்குத் தொடரமாட்டோம் என்ற அதே நிபந்தனையைத்தான் வைத்தார்கள்.

2000 அக்டோபரில் அவருக்கு ஆயுள் தடை விதித்தார்கள். அதை எதிர்த்து அவர் தொடுத்த வழக்கை 2001 அக்டோபரில் பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் தள்ளியது. 2002 ஜூன் 1 அன்று ஜார்ஜ் நகருக்கு அருகே மலையில் சரக்கு விமானம் மோதி, இரண்டு விமானிகளோடு அவரும் இறந்தார். வயது 32. அந்த ஆயுள் தடை கிறிஸ்தவ மன்னிப்புக்கு விரோதமா? இல்லை என்பேன். கேப்டன் பதவியே அவருடைய குற்றத்தின் கருவி. கருவியைத் திரும்பக் கையில் கொடுக்காதது வன்மம் ஆகாது. அவர் ஜோகன்னஸ்பர்க்கில் ஓர் இயந்திர நிறுவனத்தில் நிதி நிர்வாக வேலைக்குப் போனார், படிப்பைத் தொடர்ந்தார், மனைவியோடு வாழ்ந்தார். இரண்டாம் வாய்ப்பு என்பது அதுவும்தான். பழைய நாற்காலி கிடைத்தால்தான் வாய்ப்பு என்று நினைக்கிறோமே, அந்த நினைப்பு புகழ் நமக்குக் கற்றுத்தந்தது, சுவிசேஷம் கற்றுத்தந்ததல்ல.

"தாவீது ராஜாவாகத் தொடர்ந்தாரே" என்று ஒருவர் கட்டாயம் எழுந்து கேட்பார். தொடர்ந்தார். "கர்த்தர் உன் பாவம் நீங்கச்செய்தார்" என்று தீர்க்கதரிசி நாத்தான் சொன்ன அதே அதிகாரத்தில்தான் (2 சாமுவேல் 12) பட்டயம் உன் வீட்டை விட்டு விலகாது என்ற வார்த்தையும் இருக்கிறது. பிள்ளையும் செத்தது. மோசே கானானுக்குள் போகவில்லை. மறுபக்கத்தில் பேதுரு முழுவதுமாகத் திரும்பினார். இயேசுவை மறுதலித்தது கரிநெருப்பருகே, திரும்ப அழைக்கப்பட்டதும் கரிநெருப்பருகே (யோவான் 18, 21), மூன்று முறை மறுதலித்ததற்கு மூன்று முறை கேள்வி. ஆக, வேதத்தில் ஒரே முடிவு எல்லாருக்கும் இல்லை.

முழு வட்டம் சுற்றி வந்தவர் என்று சொல்ல அமெரிக்கக் கால்பந்தின் மைக்கேல் விக் இருக்கிறார். 2004-இல் அட்லாண்டா பால்கன்ஸ் அணியோடு பத்தாண்டு, 13 கோடி டாலர் ஒப்பந்தம். 2007-இல் வர்ஜீனியாவின் சர்ரி மாவட்டத்தில் அவருக்குச் சொந்தமான இடத்தில் நாய்ச்சண்டை நடத்தியது வெளிவந்தது. சரியாகச் சண்டை போடாத நாய்களைத் தூக்கில் போட்டும் நீரில் அமுக்கியும் கொன்றிருக்கிறார்கள். முதலில் அவரும் மறுத்தார். ஆகஸ்ட் 27 அன்று குற்றத்தை ஒப்புக்கொண்டு, இந்தச் சூழ்நிலையில் இயேசுவைக் கண்டுகொண்டேன் என்று பத்திரிகையாளர் முன் சொன்னார். டிசம்பர் 10 அன்று 23 மாதச் சிறை. தன் பங்கை அவர் இன்னும் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை என்று நீதிபதி கருதினார். "இயேசுவைக் கண்டேன்" என்று சொன்ன பிறகும் அந்த நிலைமைதான், கவனியுங்கள். ஒருவர் உண்மையாகவே மனந்திரும்பத் தொடங்கியிருக்கலாம், அது முடியாமலும் இருக்கலாம்.

பிறகு நடந்தவற்றில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. நாய்களின் பராமரிப்புக்காக நீதிமன்றம் விதித்த 9,28,073 டாலரைக் கட்டினார். திவாலானபோது கடனை ஒரேயடியாகத் தள்ளுபடி செய்துகொள்ளும் வழியை எடுக்காமல், திருப்பிக் கொடுக்கும் திட்டத்தை எடுத்து, 1 கோடியே 70 லட்சம் டாலருக்கு மேல் அடைத்தார். கேன்சஸில் லெவன்வர்த் சிறைக்குத் தேடிப்போய் அவரைச் சந்தித்தவர் டோனி டன்ஜி. அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை வென்ற பயிற்சியாளர், சிறை ஊழியத்தில் பழக்கமுள்ளவர், அப்போது ஓய்வு பெற்றிருந்தார். விக் ஜெயித்தாலும் தோற்றாலும் டன்ஜிக்கு ஒரு காசும் வராது. விக் தேறியதற்கு இதுவே பெரிய காரணங்களில் ஒன்று என்று நான் நினைக்கிறேன். 2009 ஆகஸ்டில் பிலடெல்பியா ஈகிள்ஸ் அவரை எடுத்தது ஒரே ஓர் ஆண்டுக்கு, 16 லட்சம் டாலருக்கு. இரண்டாம் ஆண்டு வேண்டுமா என்பது அணியின் கையில். போட்டிகளை நடத்தும் லீக் அவரை ஒரே நாளில் உள்ளே விடவில்லை: முதலில் பயிற்சி, பிறகு சில முன்னோட்ட ஆட்டங்கள், மூன்றாம் வாரத்திலிருந்துதான் பருவ ஆட்டம். 2010-இல் மீண்டெழுந்த வீரருக்கான விருது கிடைத்தது. 2011-இல் நாய்ச்சண்டை பார்க்கப் போவதையும் குற்றமாக்கும் மசோதாவுக்கு ஆதரவாக வாஷிங்டனில் பேசினார்.

வரி வசூலித்த சகேயு இயேசுவின் முன் எழுந்து நின்று "நான் ஒருவனிடத்தில் எதையாகிலும் அநியாயமாய் வாங்கினதுண்டானால், நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன்" என்றது நினைவுக்கு வருகிறதா? அந்த நாலு மடங்கு யாத்திராகமம் 22:1-இல் ஆடு திருடினவனுக்குச் சொன்ன கணக்கு. தானாக ஒப்புக்கொண்டவனுக்கு எண்ணாகமம் 5:7 கேட்பது முதலும் அதோடு ஐந்தில் ஒரு பங்கும்தான். சகேயு தனக்குக் கடினமான கணக்கையே எடுத்தார். மனந்திரும்புதல் பணப்பையைத் தொட்டதா என்பது வெளியில் இருப்பவர்களால் பார்க்கக்கூடிய மிகச் சில அடையாளங்களில் ஒன்று.

ஆனாலும் விக் கதையை வெற்றிக் கதையாக மட்டும் சொல்லாதீர்கள். அந்த இடத்திலிருந்து மீட்ட நாய்களில் 22 யூட்டாவின் கானாப் ஊரிலுள்ள காப்பகத்துக்குப் போயின. அவற்றில் லூக்காஸ் என்று ஒரு நாய், சண்டைகளில் ஜெயித்த நாய். வாழ்நாள் முழுக்கக் காப்பகத்தைவிட்டு வெளியே போகக் கூடாது என்பது நீதிமன்ற உத்தரவு. கொன்றவர் மைதானத்துக்குத் திரும்பினார், லூக்காஸுக்கு ஒரு வீடு கிடைக்கவில்லை. விலங்குகளை நேசிப்பவர்கள் இன்றும் விக்கின் பெயரைக் கேட்டால் முகம் சுளிக்கிறார்கள் என்றால் அவர்களைக் கல்நெஞ்சர் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. நீதிமான் தன் மிருகஜீவனைக் கவனிப்பான் என்று நீதிமொழிகள் 12:10-இல் எழுதியிருக்கிறது. இன்னொன்று: விக் நமக்கு எந்தத் தீங்கும் செய்யவில்லை. அவருக்கு நாம் கொடுக்கும் 'மன்னிப்பு' நமக்கு எதுவும் செலவு வைக்காத மன்னிப்பு. பார்வையாளராக நம்மால் செய்யக்கூடியது வெறுப்பை விடுவதும் அவருக்காக ஜெபிப்பதும். கணக்குத் தீர்ப்பது அடிபட்டவர்களின் கையில் இருக்கிறது.

மன்னிப்பின் பேச்சு மோசமாகத் தடம் புரளும் இடம் இதுவே. 2014 பிப்ரவரியில் பால்டிமோர் ரேவன்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் வீரர் ரே ரைஸ், அட்லாண்டிக் சிட்டி சூதாட்ட விடுதி ஒன்றின் லிப்டில் தன் வருங்கால மனைவியை அடித்து மயக்கமடையச் செய்தார். மே மாதம் அணி ஒரு பத்திரிகையாளர் சந்திப்பு வைத்தது. அடித்தவரும் அடிபட்டவரும் பக்கத்துப் பக்கத்தில். அடிபட்ட பெண், அந்த இரவில் தன் பங்குக்காக வருந்துவதாகச் சொன்னார். அணியே அதைத் தன் ட்விட்டர் கணக்கில் வெளியிட்டது. லீக் கொடுத்த தண்டனை இரண்டே ஆட்டம். செப்டம்பரில் லிப்டுக்குள் எடுத்த காணொளி வெளிவந்த பிறகுதான் அவரை அணி நீக்கியது. ஒப்புரவை அவசரப்படுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி வேண்டியதில்லை. அடிபட்டவர் மன்னிப்புக் கேட்கிறார், நிறுவனம் கைதட்டுகிறது. குடும்ப வன்முறையில் "நீ மன்னித்துவிட்டு வீட்டுக்குப் போ" என்று போதகரோ மூப்பரோ பெண்ணிடம் சொல்வது இதே காரியம்தான். மத்தேயு 5:23-24-இல் காணிக்கையைப் பலிபீடத்தில் வைத்துவிட்டு எழுந்து போகவேண்டியவன் குற்றம் செய்தவன். புண்பட்டவரை இழுத்து வரச் சொல்லவில்லை.

ரைஸ் பிறகு ஆலோசனைத் திட்டத்தை முடித்தார், வழக்கும் தள்ளுபடியானது, ஓர் அணி எடுத்தால் சம்பளம் முழுவதையும் குடும்ப வன்முறைக்கு எதிரான அமைப்புகளுக்குக் கொடுப்பதாக 2016-இல் சொன்னார். எந்த அணியும் எடுக்கவில்லை. மனந்திரும்பியவர்களில் சிலருக்குப் பழைய வேலை திரும்பும், சிலருக்குத் திரும்பாது. இதில் நியாயத்தைவிட, எத்தனை ரன் மிச்சமிருக்கிறது, எவ்வளவு வேகம் மிச்சமிருக்கிறது என்ற கணக்கே வேலை செய்கிறது. சபையும் அதே கணக்கைப் போடுகிறதா என்று நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். பெயர் தெரியாத ஒரு லாரி ஓட்டுநர் சிறையிலிருந்து வந்தால் நம் வாசலில் எத்தனை பேர் கைகுலுக்குவார்கள்?

மேடைக்கு வருவோம். 1999 ஜனவரி 30, சூப்பர் பவுலுக்கு முந்தைய நாள். பால்கன்ஸ் வீரர் யூஜின் ராபின்சன் காலையில் ஒரு கிறிஸ்தவ விளையாட்டு அமைப்பிடம் நன்னடத்தைக்கான விருது பெற்றார். அன்று இரவே மயாமியில், விபசாரத்துக்கு அழைத்ததாகக் கைது. அழைத்தது வேடமிட்டிருந்த ஒரு பெண் போலீசை. மறுநாள் ஆடினார், அவரைத் தாண்டி எதிரணி 80 கெஜத்துக்கு ஒரு டச்டவுன் (கோல் போன்றது) அடித்தது. விருதைத் திருப்பிக் கொடுத்தார். அமைப்பைக் குறைசொல்ல இதைச் சொல்லவில்லை. புகழ்பெற்றவர்களை நாம் நம் விசுவாசத்தின் விளம்பரப் பலகையாக நிறுத்துகிறோம். அந்தப் பாரம் அவர்களையும் நசுக்குகிறது. விழுந்தால் ஒளிக்கத் தூண்டுகிறது. "நூதன சீஷனாயிருக்கக்கூடாது" என்றும் "ஒருவன்மேலும் சீக்கிரமாய்க் கைகளை வையாதே" என்றும் பவுல் எழுதியது (1 தீமோத்தேயு 3:6, 5:22) இப்படிப்பட்டவர்களைக் காப்பாற்றத்தான்.

நடைமுறையில் என்ன செய்யலாம்? அப்படி ஒருவர் உங்கள் சபைக்கே வந்தால், உள்ளூர் கபடி வீரராக இருந்தாலும் சரி, முதல் வேலை போனைக் கீழே வைப்பது. படம், காணொளி, "இன்னார் இரட்சிக்கப்பட்டார்" என்ற பதிவு எதுவும் வேண்டாம். ஞானஸ்நானம் எடுத்தாலும் அதை வெளியிடாதீர்கள். குழந்தைகள் சம்பந்தப்பட்ட பாலியல் குற்றம் என்று தெரிந்தால் மன்னிப்பைப் பற்றிப் பேசத் தொடங்கும் முன்பே காவல் துறைக்குச் சொல்ல வேண்டும். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு அதைக் கட்டாயமாக்குகிறது, சொல்லாமல் மறைத்தால் 21-ஆம் பிரிவின் கீழ் தண்டனை. வேறு குற்றமானால் முதலில் வழக்கறிஞரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் வழக்கறிஞர் எழுதித் தந்த மன்னிப்பு அறிக்கையைப் பாவ அறிக்கையாக ஏற்காதீர்கள்.

அவரோடு உட்கார இரண்டு மூன்று பேர் போதும். அவருடைய ரசிகர்களும், அவரிடம் சம்பளம் வாங்குகிறவர்களும், அவரால் சபைக்குக் கூட்டம் வரும் என்று கணக்குப் போடுகிறவர்களும் வேண்டாம். வாரம் ஒருமுறை சந்திப்பு. அவரே தன் கையால் எழுத வேண்டியவை: என்ன செய்தேன், எப்போது தொடங்கியது, யாரையெல்லாம் இதில் இழுத்தேன், யார் நஷ்டப்பட்டார்கள், எதைத் திருப்பிக் கொடுக்கலாம். "தவறு நடந்துவிட்டது" என்று எழுதினால் "நான் செய்தேன்" என்று மாற்றி எழுதச் சொல்லுங்கள். பழைய கூட்டாளிகள், குடி, சூது, பணப் பரிமாற்றம் இவற்றைப் பற்றி நேரடியாகக் கேட்க அவரோடு உட்காருகிறவர்களுக்கு அனுமதி இருக்க வேண்டும். குறைந்தது ஓராண்டுக்கு அவரிடமிருந்து பெரிய காணிக்கை வாங்காதீர்கள். வாங்கினால் அடுத்த கேள்வி கேட்கும் தைரியம் உங்களுக்குப் போய்விடும். நஷ்டப்பட்டவர்களுக்கு முதலில் போகட்டும் அந்தப் பணம்.

மேடைச் சாட்சிக்கு இரண்டாண்டு காத்திருப்பது அதிகமில்லை என்பது என் கருத்து. அப்போதும் அடிபட்டவர் அதே ஊரில் இருந்தால் அவருடைய மனதை அறிந்துகொண்டுதான். அவர் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். அதுவரை வீரர் சும்மா இருக்க வேண்டியதில்லை. நாற்காலி அடுக்கட்டும், மருத்துவமனையில் படுத்திருப்பவர்களைப் பார்க்கப் போகட்டும், பெயர் தெரியாத வேலைகள் ஏராளம். வழியில் விட்டுப்போன மாற்குவைப் பவுல் உடனே திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை, பர்னபாதான் கூட்டிப்போனார் (அப்போஸ்தலர் 15). பல ஆண்டுகள் கழித்து "ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன்" என்று எழுதினார் (2 தீமோத்தேயு 4:11). பவுலின் தயக்கமும் பர்னபாவின் தாராளமும் இரண்டுமே அதற்குத் தேவைப்பட்டன. உங்கள் குழுவிலும் இரண்டு வகை ஆட்களும் இருப்பார்கள், யாரையும் வாயடைக்க வேண்டாம்.

எதிர்த் திசையிலும் தவறு நடக்கும், அதை மறக்கக் கூடாது. தண்டனை முடிந்த பிறகும் இழுத்துக்கொண்டே போவது. கொரிந்துவில் ஒருவனைத் தண்டித்த சபைக்குப் பவுல் இரண்டாம் நிருபத்தில் "இந்தத் தண்டனையே போதும்" என்றார், அவன் அதிக துக்கத்தில் அமிழ்ந்துபோகாதபடி மன்னித்து ஆறுதல் சொல்லச் சொன்னார் (2:6-7). புகழும் வேலையும் ஒரே நாளில் போன வீரர் தற்கொலை எண்ணத்துக்குள் விழலாம். முதல் சில வாரங்கள் தனியாக விடாதீர்கள், உறக்கம், சாப்பாடு பற்றிக் கேளுங்கள், மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள், ஜெபத்தோடு மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

வாலிபர் கூட்டத்துக்கு ஒரு யோசனை. குரோனியே பற்றிப் பேசும்போது கிப்ஸ், வில்லியம்ஸ் இருவரின் இடத்திலிருந்து பேச ஒருவரையும், குரோனியேவின் இடத்திலிருந்து பேச ஒருவரையும் ஏற்பாடு செய்யுங்கள். "அவரை மறுபடி கேப்டனாக்கலாமா?", "அவரை ஞாயிற்றுக்கிழமை திருவிருந்தில் பக்கத்தில் உட்காரவைக்கலாமா?" என்ற இரண்டு கேள்விகளுக்கும் தனித்தனியாக, இரண்டு சீட்டுகளில் ஓட்டெடுங்கள். முடிவில் ஜெபிக்கும்போது குற்றம் செய்தவரின் பெயரோடு, அவரால் நஷ்டப்பட்டவர்களின் பெயரையும் சொல்லி ஜெபியுங்கள்.